ஒரு பை நாஸுக்காக மூன்று மரணம்

எங்கள் கம்பரலி நான்கு வருடத்தில் ஐந்து பேரைக் கொன்றவர். அதில் ஒருவரை மட்டும் மூன்று முறை கொன்றார். கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. எல்லாம் தந்தியில்தான்.

ஆளைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஐம்பத்தெட்டு வயது, கட்டைக் குட்டையான உருவம், தலையில் எண்ணெய்க் கறை ஏறிய தொப்பி, கையில் எப்போதும் ஒரு டயர் டியூப். கால்வாய்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் முதல் கடை என்னுடைய முடிதிருத்தகம். அடுத்தது அவருடைய பஞ்சர் கடை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறோம். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது, ஏனென்றால் அவர் துப்பியதையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவியவன் நான்.

துப்பல் என்றதும் விஷயம் புரிந்திருக்கும். கம்பரலி நாஸ் போடுகிறவர். புகையிலையையும் சுண்ணாம்பையும் சாம்பலையும் சேர்த்துத் திரித்த அந்தப் பச்சைத் தூளை உள்ளங்கையில் கொட்டி, ஒரே வீச்சில் நாக்குக்கு அடியில் எறிந்துகொள்வார். அதற்குப் பிறகு கால் மணி நேரம் அவரிடம் பேச்சே கிடையாது. எதைக் கேட்டாலும் "ம்ம்" என்று ஒரு முனகல், புருவத்தில் ஒரு தூக்கல், அவ்வளவுதான். அதில் கோழி எச்சம் கலக்கிறார்கள் என்று ஊரே சொல்லும். அதையும் கேட்டுக்கொள்வார். கால் மணி கழித்து, "கலந்தா என்ன இப்ப? கோழி நல்லதைத்தானே தின்னுது" என்பார்.

என் கடைச் சுவரில் 'இங்கே துப்பாதே' என்று பெரிதாக எழுதிவைத்தேன். அதுவரை கண்ட இடத்தில் துப்பியவர்கள் அன்று முதல் சரியாக அந்த எழுத்தின் மேலேயே துப்பினார்கள். குறி பார்க்க ஓர் இடம் கிடைத்ததே என்ற சந்தோஷம் போலிருக்கிறது. அந்த எழுத்தில் முதல் எழுத்தை அழித்த பெருமை கம்பரலியைச் சேரும்.

விட வேண்டும் என்று அவர் முயற்சி செய்யாமல் இல்லை. மனைவி ஸபோஹத் சூரியகாந்தி விதையை மெல்லக் கொடுத்துப் பார்த்தாள். விதையையும் மென்றார், நாஸையும் போட்டார். ஒரு தடவை ஓஷ் நகரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் நோயாளியின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்து, "இனிமேல் இதைத் தொட்டால் அந்த நிமிடமே உன் உயிர் போகும்" என்று மனதுக்குப் பூட்டுப் போட்டு அனுப்புகிறவர். அந்தப் பயத்திலேயே திருந்திய குடிகாரர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு. கம்பரலி மூன்று நாள் தாக்குப்பிடித்தார். நான்காம் நாள் காலையில் என் கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"யோல்தோஷ், நல்லா மழமழன்னு வழிச்சு விடு. மீசையையும் ஒழுங்கு பண்ணு."

"என்னண்ணே விசேஷம்?"

"இப்ப ஒரு வாய் போடப் போறேன். போட்டதும் உசிரு போயிடும். குளிப்பாட்ட வர்றவங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். நான் வழித்து முடித்தேன். ஒரு மணி நேரம் அப்படியே காத்திருந்தார். உயிர் போகிற வழியைக் காணோம். கடைசியில் எழுந்து, என் வாசலில் துப்பிவிட்டு, டாக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே பஞ்சர் ஒட்டப் போய்விட்டார்.

அவருக்கு உடன்பிறந்தவள் ஒரே ஓர் அக்கா, ஸும்ராத். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊரும் ஜீதாலி, அவள் ஊரும் ஜீதாலி. ஒரே ஊர்தான், நடுவில் பதினைந்து எட்டு வைத்தால் தாண்டிவிடுகிற அகலத்துக்கு ஒரு கால்வாய். கால்வாய் இரண்டு நாட்டுக்கு எல்லையாகி, பள்ளிக்கூடம் அந்த உஸ்பெக் கரைக்கும் மசூதி எங்கள் கிர்கிஸ் கரைக்கும் போனதெல்லாம் பின்னால் நடந்தது. அங்கே ஸும்ராத் பிலாவ் தாளித்தால் இங்கே என் கடையில் சீரகம் மணக்கும். ஆனால் இரண்டாயிரத்துப் பத்தாம் வருடக் கோடையில் உஸ்பெக் பக்கம் பாலத்து வாசலை அடைத்துவிட்டார்கள். அதன் பிறகு நாங்கள் அந்தக் கரைக்குப் போக இரண்டே வழி. அங்கே உறவில் ஒருவர் சாக வேண்டும், இல்லையென்றால் ஒருவருக்குக் கல்யாணம் ஆக வேண்டும். அதற்கும் அந்தக் கரைத் தபாலாபீஸின் முத்திரையோடு தந்தி வர வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் கம்பரலியின் பெரியப்பா நிஜமாகவே இறந்தார். தந்தி வந்தது, போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவர் போல முகம் மலர்ந்திருந்தது. சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு ஒரு பை நாஸ்.

"அங்க உள்ள நாஸ்தான்யா நாஸு! நம்ம பக்கம் விக்கிறது வெறும் மண்ணு. அக்கா வாங்கி வச்சிருந்தா. மணத்தைப் பாரு."

மோந்து பார்த்தேன். தும்மல் வந்தது. எங்கள் சந்தை நாஸுக்கும் எனக்கு அப்படித்தான் வரும்.

அன்று ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கம்பரலிக்கு நல்ல நாஸ் தேவைப்படும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கரையில் ஒரு சாவு விழும். அந்தக் கரைத் தபாலாபீஸ் முத்திரை ஸும்ராத்தின் பள்ளித்தோழி கையில் இருந்ததால் சாவுக்குப் பஞ்சமில்லை. அக்காவும் தம்பியும் போனில் ஆள் தேர்ந்தெடுப்பதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். கம்பரலிக்குக் காது மந்தம், எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"இந்தத் தடவ யாருக்கா?"

"பெரியம்மாதான் போன தடவையே போயிட்டாங்களே. அவங்க மூத்த பையனைப் போடுவமா?"

"அவன் நேத்து புது சைக்கிள்ல போனான்னியே?"

"போகட்டுமேடா. தந்திக்கு என்ன தெரியும்?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எதுக்குண்ணே இந்தப் பாடு? கால்வாயில சர்க்கரை, சோப்பு, செருப்பு எல்லாத்தையும் கல்லு கட்டி வீசுறாங்க. அக்காவையும் நாஸை வீசச் சொல்லுங்களேன்."

"தண்ணியில விழுந்து நனைஞ்சா மணம் போயிடும்."

"பிளாஸ்டிக்ல சுத்தி வீசலாம்ல?"

அதற்குள் அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டுவிட்டார். "ம்ம்" என்றார்.

இரண்டு வருடத்தில் சொந்தக்காரர்கள் தீர்ந்துபோனார்கள். பெரியம்மா, அவள் மகன்கள் இருவர், பிறக்கவே பிறக்காத ஓர் அத்தை எல்லாரும் போய்ச் சேர்ந்தபின் மிச்சமிருந்தது ஸும்ராத்தின் கணவர் எர்காஷ். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார், மகா கோபக்காரர், தாடியில் ஒரு நரை தெரிந்தால் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார். வாசல் அதிகாரிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுவார்கள் என்பதால் எர்காஷை ஒவ்வொரு புது அதிகாரிக்கும் ஒரு தடவை சாகடித்தார்கள். இது எர்காஷுக்குத் தெரியாது. மச்சான் எப்படியோ அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறான் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் தன் சாவுக்கு வந்தவருக்குத் தானே பிலாவ் பரிமாறினார்.

"ஒரே ஆளை எத்தனை தடவண்ணே? மாத்தி அக்கா பேரை ஒரு தடவ எழுதிட்டா என்ன?" என்று ஒரு முறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வாயைக் கழுவுடா" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வாயில் நாஸ்கூட இல்லை.

இரண்டாயிரத்துப் பதினாலு மே மாதம் நிஜமான தந்தி ஒன்று வந்தது. ஸும்ராத்தின் மகள் நஃபிஸாவுக்குக் கல்யாணம். எங்கள் ஜீதாலி வழக்கத்தில் மணப்பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு வந்து முல்லாவிடம் சொல்வது தாய்மாமன். கம்பரலி ஒரு மாதமாக அதற்கே தயாரானார். கோடு போட்ட புது மேலங்கி தைத்தார். ஸபோஹத்துக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியவில்லை. அதனால் அவள் பெண்ணுக்காகத் தைத்த நாலு மெத்தையையும் மூட்டையாகக் கட்டி என் தலையில் ஏற்றிவிட்டார்கள். பாலத்தின் கடைசிவரை நான் போவதைக் கிர்கிஸ் சிப்பாய்கள் தடுக்கமாட்டார்கள். அவர்களுக்கு முடி வெட்டுகிறவன் நான், காது என் கத்தரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பாலத்தின் அந்த முனையில் உஸ்பெக் வாசலின் புது லெப்டினன்ட் நின்றார். இஸ்திரி மடிப்பு கலையாத சின்னப் பையன். வந்த வேகத்தில் பழைய காகிதங்களையெல்லாம் ஒரே நோட்டில் எழுதிவைத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. தந்தியைப் படித்தார், நோட்டைப் புரட்டினார், மறுபடி தந்தியைப் படித்தார்.

"பெரியவரே, கையெழுத்துப் போட்டிருக்கிற எர்காஷ் யாரு?"

"எங்க அத்தான். பொண்ணோட அப்பா."

"இப்ப எங்க இருக்கார்?"

"வீட்லதான். தாடிக்குச் சாயம் பூசிக்கிட்டு இருப்பார்."

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டு நவம்பர்ல செத்திருக்கார்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்பா உயிரோடிருக்கும்போது அம்மா பெயரில் கல்யாணத்துக்கு அழைத்தால் எங்கள் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதனால் எர்காஷ் பெயரில் தந்தி அடித்திருக்கிறார்கள். அவரை எத்தனை தடவை புதைத்தோம் என்பது அக்காவுக்கும் ஞாபகமில்லை, தம்பிக்கும் ஞாபகமில்லை. கம்பரலி சட்டென்று பையை எடுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வருஷம் மே மாசம் மறுபடி செத்திருக்கார்."

"ம்ம்."

"போன டிசம்பர்ல மூணாவது தடவ. முதல்ல நெஞ்சுவலி, அப்புறம் மல்பெரி மரத்துலேர்ந்து விழுந்து, அப்புறம் லாரி. லாரி ஏறினதுக்கு அப்புறமும் தாடிக்குச் சாயமா?"

அதற்கும் ஒரு "ம்ம்". லெப்டினன்ட் தந்தியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பொய்த் தந்தி. திரும்பிப் போகலாம்."

பதினோரு மணி ஆகியிருந்தது. பன்னிரண்டுக்கு நிக்காஹ். போன் அடித்தது, ஸும்ராத். கம்பரலி நாஸை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், எங்கடா நிக்கிற? முல்லா வந்தாச்சு. மாமா வந்து கேட்டாத்தான் வாயத் தொறப்பேன்னு பொண்ணு உக்காந்திருக்கா!"

"விடமாட்டேங்கறாங்கக்கா. அத்தான் செத்ததைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

ஸும்ராத் அசரவில்லை. "சரி, அப்ப என்னைச் சாகடிச்சிரு. அரை மணியில தந்தி வந்துடும். பேரு மட்டும்தானே மாத்தணும்?"

லெப்டினன்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கம்பரலி வாயிலிருந்த நாஸைத் துப்பினார். தரையில் இல்லை, கைக்குட்டையில். இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்க்காத காட்சி.

"அது மட்டும் வேணாம்."

"அட, வெறும் எழுத்துதானேடா!"

"வெறும் எழுத்தாவும் வேணாம்கா. உன் பேரை அந்தத் தாள்ல பாத்துட்டு என்னால நடந்து வரமுடியாது. நான் வரலைன்னா பரவால்ல. வேற யாரையாவது சம்மதம் கேக்கச் சொல்லு."

நான் தலைமேலிருந்த மெத்தை மூட்டையை முகம் மறைய முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த மனிதர்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, ஆனால் அந்த நிமிடம் அவரை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அப்போது போனில் பின்னாலிருந்து ஓர் இடிக்குரல். "யாருடி செத்தது?" ஸும்ராத் ஏதோ மென்று விழுங்கினாள். "நானா? எத்தனை தடவ? மூணா!" அதோடு போன் அறுந்தது.

ஐந்தே நிமிடத்தில் எர்காஷ் வந்து சேர்ந்தார். மிதிவண்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். தாடி முழுக்கக் கறுப்புச் சாயம் அப்பி, அது காய்வதற்காகப் பிளாஸ்டிக் பை கட்டி, அதன் இரண்டு காதையும் தன் காதில் மாட்டியிருந்தார்.

"எவன்டா நான் செத்தேன்னு சொன்னது?"

"நீங்க யாரு?" என்றார் லெப்டினன்ட்.

"நான்தான் அந்தப் பொணம்!"

சிப்பாய்கள் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "ஐயா, போன டிசம்பர்ல இவர் உங்க சாவுக்குப் போறப்ப நாங்கல்லாம் கையேந்தி துவா செஞ்சோம். திரும்பி வர்றப்ப இவர் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வந்தாரு."

"பாட்டா? என் சாவுக்குப் பாட்டாடா? அன்னிக்கு என் கையால ரெண்டு தட்டு பிலாவ் தின்னியே, பாவி! ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா?"

"நீங்க உசிரோட எதிர்ல உக்காந்திருக்கறப்ப எப்படித்தான் அழறது?" என்றார் கம்பரலி.

லெப்டினன்ட் கையை உயர்த்தினார். "போதும். பெரியவரே, எதுக்காக இத்தனை பேரைச் சாகடிச்சீங்க? அதைச் சொல்லுங்க."

"நாஸுக்குங்க. இந்தப் பக்கத்து நாஸ் மாதிரி எங்க பக்கம் கிடைக்காது." பையை எடுத்து நீட்டினார்.

லெப்டினன்ட் வாங்கிப் பார்த்தார். பையின் வாய் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். நூறு பை விழுந்தது. எல்லாவற்றிலும் அதே சிவப்பு நூல், அதே முடிச்சு.

"இது உங்க சந்தையில, மிளகாக் கடைக்குப் பக்கத்துல விக்கிறது. உங்க கரையிலேர்ந்து எங்க கரைக்கு வீசுறாங்க. வாரத்துக்கு ரெண்டு மூட்டை பிடிக்கிறோம்."

"பின்னே? ஸும்ராத் வாங்குறதும் அதைத்தான். இந்தக் கரையில எவன் நாஸ் திரிக்கிறான்?" என்றார் எர்காஷ்.

அந்தச் சிவப்பு நூலை வருடம் முழுக்க என் வாசலிலிருந்து பெருக்கித் தள்ளுகிறவன் நான். கம்பரலி மண்ணு, மண்ணு என்று திட்டிக்கொண்டே அதையே மிளகாய்க் கடைக்குப் பக்கத்தில் வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது மூளையில் உறைத்ததா?

"உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா?" என்று லெப்டினன்ட் கேட்டார்.

கம்பரலியின் கை தானாகப் பையைத் தேடியது. பை மேஜைமேல் இருந்தது. வாயில் ஒன்றுமில்லை, "ம்ம்" சொல்லித் தப்பிக்க வழியில்லை.

"முதல் தடவையே தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"தம்பி, உங்க காகிதத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு. சாவு, கல்யாணம். அக்காவைப் பாக்கணும்போல இருக்குன்னா அதை எந்தக் கட்டத்துல எழுதறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "எங்க கடைத்தெருவுல அப்படிச் சொன்னா சிரிப்பானுங்க. நாஸுக்குப் போறேன்னா எவனும் ஒண்ணும் கேக்கமாட்டான்."

எர்காஷ் பிளாஸ்டிக் பையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். "சாயம் கண்ணுல போயிடுச்சு" என்றார்.

லெப்டினன்ட் நோட்டை மூடினார். பிறகு மூன்று வெள்ளைத் தாள்களை எர்காஷ் முன்னால் வைத்தார். செத்தது மூன்று தடவை என்பதால் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று மூன்று தடவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எர்காஷ் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். மூன்றாம் தாளில் சாயம் ஒரு சொட்டு விழுந்தது. அதன் பக்கத்திலேயே லெப்டினன்ட் முத்திரை குத்தினார்.

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். நாஸ் இங்கேயே இருக்கட்டும்."

கம்பரலி என் தலையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே எர்காஷ் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு, அந்தத் தெருமுனை திரும்பும்வரை திட்டிக்கொண்டே போனார்.

மாமன் நாஸ் இல்லாத வாயால் மூன்று முறை சம்மதம் கேட்டாராம். கல்யாணப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து, சம்மதம் சொல்வதற்கு முன்னால், "மாமா, உங்க குரல் இப்படியா இருக்கும்?" என்றாளாம். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார். லெப்டினன்டிடம் பையைக் கேட்டு வாங்கி, பாலத்திலேயே ஒரு வாய் போட்டு, நேரே வந்து என் சுவரில் துப்பினார். அன்று ஒரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பின் மூன்று வருடம் அந்த வாசலில் அவருடைய தந்தி எதுவும் செல்லவில்லை. அக்காவும் தம்பியும் கால்வாயின் இரண்டு கரையிலும் நின்று கத்திப் பேசிக்கொண்டார்கள். பதினேழாம் வருடம் வாசலைத் திறந்துவிட்டார்கள். தந்தி வேண்டாம், பாஸ்போர்ட் போதும். முதல் நாள் காலையில் கம்பரலி அந்தக் கோடு போட்ட மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். நாஸ் பையை என் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

"வச்சிரு. சாயங்காலம் வாங்கிக்கிறேன்."

நானும் பாஸ்போர்ட்டோடு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன், சும்மா அந்தக் கரையைப் பார்த்துவர. வாசலில் வேறு ஒரு சிப்பாய். பழக்கதோஷம் அவனையும் விடவில்லை.

"எங்க போறீங்க?"

"அக்கா வீட்டுக்கு."

"சாவா, கல்யாணமா?"

"ரெண்டும் இல்ல தம்பி. உசிரோட இருக்கா."

சிப்பாய் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினான்.